அனிமிசம் என்றால் ஆவி வழிபாடா?

கானா நாட்டைப் பற்றிய ஓர் ஆவணப்படம், தமிழ்க் குரலில். பெரியவர் ஒருவர் கோப்பையிலிருந்து மதுவைக் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் ஊற்றியபடி ஒவ்வொரு பெயராகச் சொல்கிறார். பின்னணிக் குரல், "இவர்கள் ஆவி வழிபாடு செய்பவர்கள்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது. அனிமிசம் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொது அறிவுக் கையேடுகளில் பார்த்துப் பார்த்துப் புளித்துப்போன மொழிபெயர்ப்பு இது.

அனிமா என்றால் லத்தீனில் மூச்சு, உயிர். 18ஆம் நூற்றாண்டில் ஷ்டால் என்ற ஜெர்மானிய மருத்துவர், உடலை இயக்குவது ஆன்மாதான் என்ற தம் கொள்கையை இதிலிருந்து விளக்கினார். 1871இல் இங்கிலாந்தின் மானிடவியலாளர் எட்வர்ட் டைலர், உயிருள்ள அருவங்கள் உண்டு என்ற நம்பிக்கைக்குப் பெயராக அனிமிசம் என்ற சொல்லைச் சமய ஆய்வுக்குள் கொண்டுவந்தார். சொல்லின் கதை இவ்வளவுதான்.

சரி, ஆவி என்பதில் என்ன தப்பு? அகராதியை மட்டும் பார்த்தால் ஒரு தப்பும் இல்லை. ஆவிக்கும் மூச்சு, உயிர் என்றே பொருள். 'ஆவி பிரிந்தது' என்கிறோம். இட்லிப் பானையில் எழுவதும் ஆவிதான். வேர்ப்பொருளில் அனிமாவுக்கு இவ்வளவு நெருங்கிய சொல் வேறு கிடைக்காது. ஆனால் சொல்லுக்குப் பொருள் தருவது புழக்கம். இன்று ஆவி என்றதும் நினைவுக்கு வருவது புளியமரமும் நள்ளிரவும், பலகையில் நாணயத்தை நகர்த்தி இறந்தவரோடு பேசுகிறேன் என்பவரும்தான்.

இந்தச் சிக்கல் டைலருக்கே வந்தது. அவர் கொள்கைக்கு 'ஸ்பிரிச்சுவலிசம்' என்ற சொல் பொருந்தியிருக்கும். அந்தக் காலத்தில் இறந்தவரோடு பேசும் கூட்டங்கள் நடத்தியவர்கள் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டதால், வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு அனிமிசத்தை எடுத்தார். அவர் எதிலிருந்து விலகினாரோ, நம் மொழிபெயர்ப்பாளர்கள் அவரைச் சரியாக அங்கேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்!

இன்னொன்று. உயிருள்ள அருவங்கள் உண்டு என்ற நம்பிக்கையே எல்லாச் சமயங்களுக்கும் அடித்தளம் என்பது டைலரின் வாதம்; அதில் ஐரோப்பியரின் சமயமும் அடக்கம். பின்னால் வந்தவர்கள்தான் அதைப் பழங்குடிகளின் தலையில் மட்டும் கட்டினார்கள். பிரிட்டிஷ் இந்தியக் கணக்கெடுப்பிலும் பழங்குடிகளை அனிமிஸ்ட் என்றே எழுதிவந்தார்கள். 1931இல்தான் அதைப் 'பழங்குடிச் சமயங்கள்' என்று மாற்றினார்கள். தமிழ் விவிலியத்தில் 'பரிசுத்த ஆவி' இருக்கிறது. அதை வைத்துக் கிறித்தவத்தை யாரும் ஆவி வழிபாடு என்பதில்லை. ஆப்பிரிக்கர் என்றால் மட்டும் ஏன் இந்த இளக்காரம்?

அந்தப் பெரியவரிடமே திரும்புவோம். கானாவின் ஆக்கான் மக்களின் அந்தச் சடங்கில் முதலில் அழைக்கப்படுபவர் நியாமே, அதாவது பரம்பொருள். அடுத்து அசாசே யா என்னும் மண் தெய்வம். யா என்பது வியாழக்கிழமை பிறந்த பெண்ணுக்கு வைக்கும் பெயர். அதனால் ஆக்கானில் ஒரு பிரிவினரான அசாந்தி மக்கள் மரபுப்படி வியாழனன்று மண்ணைக் கொத்துவதில்லை. அதற்கப்புறம்தான் முன்னோர் வருகிறார்கள். இந்த வரிசை முழுவதையும் 'ஆவி' என்ற இரண்டெழுத்தில் அடைப்பது மொழிபெயர்ப்பு ஆகாது, சோம்பல்.

'ஆன்மவாதம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். ஆன்மா இல்லை என்னும் பௌத்தரின் அனான்மவாதத்துக்கு எதிர்க்கட்சி போல ஒலிக்கிறது. வேண்டாம்.

டைலரின் கோட்பாட்டுக்கு 'உயிர்மைக் கொள்கை' போதும் என்பேன். உயிர் என்ற சொல்லை ஆன்மாவுக்கும் ஆண்டுவந்த மரபு சைவத்தில் இருக்கிறது. பேய் வாசனையும் கிடையாது. ஆனால் இது கோட்பாட்டுக்கு மட்டும்தான். மக்களின் சமயத்துக்கு இதை ஒட்டக்கூடாது. நைஜீரியாப் பக்கத்து யொரூபா மக்களுடையது யொரூபா சமயம், ஆக்கான் மக்களுடையது ஆக்கான் சமயம் என்று அதனதன் பெயரால் சொன்னால் தீர்ந்தது. மொத்தமாகச் சொல்ல வேண்டுமானால் 'ஆப்பிரிக்க மரபுச் சமயங்கள்'. பன்மையை விட்டுவிடக் கூடாது.

'மூதாதையர் வழிபாடு' என்பதும் இதே ரகம். கென்யாவின் சமய அறிஞர் ஜான் எம்பிட்டி 1969லேயே இதை மறுத்திருக்கிறார். முன்னோருக்கு மதுவும் உணவும் வைப்பது உறவு விட்டுப்போகவில்லை என்பதற்கு அடையாளம், அதை வழிபாடு என்பது தவறு என்றார். அண்மையில் இறந்து, இன்னும் பெயர் சொல்லி நினைக்கப்படுபவர்களை 'வாழும் இறந்தோர்' என்றார்.

இதற்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. தென்புலத்தார், தெய்வம், விருந்து, ஒக்கல், தான் என்ற ஐவருக்கும் வள்ளுவர் ஆண்ட வினை ஒன்றுதான்: ஓம்பல். இறந்த முன்னோருக்கும் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கும் ஒரே சொல். எம்பிட்டி சொல்ல வந்த உறவும் இதுதானே? 'முன்னோர் ஓம்பல்' என்று எழுதலாம். யாருக்குப் புரியும், பழஞ்சொல் ஆயிற்றே என்று மொழிபெயர்ப்பாளர்கள் முணுமுணுப்பார்கள். விருந்தோம்பல் மட்டும் எல்லோருக்கும் எப்படிப் புரிகிறதாம்?