மட்டைக்கு ஏன் தேங்காய் எண்ணெய் ஆகாது?

ஆறாம் வகுப்பில் எனக்கு முதல் கிரிக்கெட் மட்டை வாங்கிக் கொடுத்தார்கள். ஆளிவிதை எண்ணெய் பூசி நிழலில் காயவைக்கச் சொன்னார் கடைக்காரர். எங்கள் ஊரில் அது கிடைக்கவில்லை. எண்ணெய் எதுவானால் என்ன என்று குளியலறையில் இருந்த தேங்காய் எண்ணெயை எடுத்துத் தேய்த்துவிட்டேன். ஒரு வாரம் கழித்தும் மட்டை வழவழவென்றே இருந்தது. மைதானத்துப் புழுதி மொத்தமும் அதில் அப்பிக்கொண்டது. ஆளிவிதை எண்ணெய் பூசிய நண்பனின் மட்டையோ சில நாட்களில் காய்ந்து, மெல்லிய மெருகேறி இருந்தது.

காய்ந்தது என்று பேச்சுக்குத்தான் சொல்கிறோம். ஈரத்துணி காய்வதுபோல அதிலிருந்து எதுவும் ஆவியாகிப் போவதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்ளே இழுத்துக்கொள்கிறது. காயக் காய அதன் எடை முதலில் கூடத்தான் செய்யும். தேங்காய் எண்ணெய்க்கு ஏன் அந்தப் பசி இல்லை?

எந்தத் தாவர எண்ணெயை எடுத்தாலும் அதன் மூலக்கூறு மூன்று வால் கொண்ட பட்டம் மாதிரி இருக்கும். தலையில் கிளிசரால், வால்கள் மூன்றும் கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த கொழுப்பு அமிலங்கள். வால் முழுக்க ஒற்றைப் பிணைப்பாக இருந்தால் அது நீட்டி நிமிர்ந்து நிற்கும். நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு வந்தால் அந்த இடத்தில் முழங்கை போல மடங்கும். எண்ணெய்களின் குணமெல்லாம் பெரும்பாலும் இந்த மடிப்புகளின் கணக்குதான்.

18 கார்பன் கொண்ட மூன்று அமிலங்களைப் பாருங்கள். மடிப்பே இல்லாத ஸ்டியரிக் அமிலம் உருகுவதற்கு 69 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஒரு மடிப்புள்ள ஒலியிக் அமிலத்துக்கு 13 டிகிரியே போதும். இரண்டு மடிப்புள்ள லினோலியிக், பூஜ்யத்துக்கும் 5 டிகிரி கீழே உருகிவிடுகிறது. நேரான விறகுகளை நெருக்கி அடுக்கலாம். கோணல் விறகு அடுக்கில் படியாது.

தேங்காய் எண்ணெயின் வால்களில் ஏறத்தாழ 90 சதவீதம் மடிப்பில்லாதவை. பாதிக்கு நெருக்கமானது 12 கார்பன் மட்டுமே கொண்ட லாரிக் அமிலம். வால் குட்டையாக இருப்பதால்தான் 24 டிகிரிக்கு மேல் அது எண்ணெயாக ஓடுகிறது. வால் நேராக இருப்பதால் மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து, வெயிலில் வைக்கச் சொல்கிறது. பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய்க்கு அந்தக் குளிர் உறைப்பதே இல்லை.

ஆக்சிஜன் பிடித்து ஏறுவது இந்த மடிப்புகளை ஒட்டிய இடங்களில்தான். ஆளிவிதை எண்ணெயில் பாதிக்கு மேல் மூன்று மடிப்புள்ள லினோலெனிக் அமிலம். ஆக்சிஜன் ஏறிய வால்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள, எண்ணெய் வலைபோலப் பின்னிக் கெட்டியான படலமாகிறது. ஐரோப்பிய ஓவியர்கள் நூற்றாண்டுகளாக நிறமிகளை இதில் குழைத்துத்தான் தீட்டினார்கள். இந்த வினையில் வெப்பமும் வெளிவரும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், சூடு வெளியேற வழியின்றி அது தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்துத்தான் உலர்த்த வேண்டும்.

இந்த வினையை நம் வீட்டிலும் தினமும் பார்க்கிறோம். புதுத் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிச் சுடவைத்து, மறுபடி தடவி, மறுபடி சுடவைத்து, 'கல் பழகிவிட்டது' என்கிறோமே, அப்போது இரும்பின் மேல் படிந்திருப்பது இதே பின்னல்தான். அடுப்பருகே சுவரில் ஒட்டி, எத்தனை தேய்த்தாலும் போகாத மஞ்சள் பிசுக்கும் அதுவே. ஒரே வேதியியல், கல்லில் வந்தால் பெருமை, சுவரில் வந்தால் எரிச்சல்.

மடிப்பு கூடினால் சீக்கிரம் சிக்கு வாடை வரும் என்பதும் இதனால்தான். அப்படிப் பார்த்தால் நல்லெண்ணெய் விரைவில் கெட்டிருக்க வேண்டும். அதன் வால்களில் 40 சதவீதத்துக்கு மேல் இரட்டை மடிப்பு லினோலியிக். ஆனால் ஆவக்காய் ஊறுகாயின் மேல் மாதக்கணக்கில் நின்று காவல் காக்கிறது. காரணம், எள்ளோடு வரும் செசமோலின் என்ற பொருள். சூடு பட்டால் அது செசமாலாக மாறி, ஆக்சிஜன் தொடங்கும் சங்கிலி வினையை ஆரம்பத்திலேயே அறுத்துவிடுகிறது. எள்ளின் நெய் என்பதே எண்ணெய் என்ற சொல்லின் மூலம். அந்த முதல் மரியாதை பொருத்தமானதுதான்.

பொரிப்பதற்குக் கடலை எண்ணெய் என்பதிலும் நியாயம் உண்டு. அதில் ஒற்றை மடிப்பு ஒலியிக் அதிகம், சூட்டைத் தாங்கும்.

விளக்கெண்ணெய் தனி ஜாதி. இந்த எண்ணெய்களில் ஆமணக்கு மட்டும் தன் வாலில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியை, அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடியை, செருகிவைத்திருக்கிறது. அதைக் கொண்டு மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால்தான் அத்தனை கொழகொழப்பு. பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதால் முதல் உலகப் போர் விமானங்களின் சுழல் எஞ்சின்களுக்கு மசகாக ஊற்றினார்கள். மந்தமான ஆளை நாம் ஏன் அந்தப் பெயரால் திட்டுகிறோமோ தெரியவில்லை.

மடிப்புகளைச் செயற்கையாக நிமிர்த்தவும் முடியும். 1902இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் நார்மன், நிக்கலின் துணையோடு எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றிக் கெட்டியாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1937இல் டால்டா இந்தியச் சமையலறைக்கு வந்தது அந்த வழியில்தான். பாதி நிமிர்ந்த வால்கள் டிரான்ஸ் கொழுப்பாகி இதயத்துக்குக் கேடு செய்யும் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. 2022 ஜனவரி முதல் இந்தியாவில் அதற்கு 2 சதவீத வரம்பு உண்டு.

அப்போதைய கவலை வேறு: டால்டா போன்ற வனஸ்பதியை நெய்யில் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று விதி போட்டார்கள். சந்தேகப்பட்ட நெய்யை உருக்கி, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் சேர்த்துக் குலுக்கினால் போதும். ஊறுகாயைக் காத்த அதே செசமால், அடியில் தங்கும் அமிலத்தை ரோஜா நிறமாக்கிக் கலப்படத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.