கணக்குப்பிள்ளை பையைச் சோதிக்காத நாள்

எங்கள் வீட்டில் 13 வருஷம் இருந்த பூனைக்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்தது அம்மா. யார் வெளியே போய்விட்டு வந்தாலும் வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொண்டு, கையில் இருக்கும் பையைக் கீழே வைக்கும்வரை கத்துவான். வைத்ததும் தலையை உள்ளே விட்டு ஒவ்வொரு சாமானாக மோந்து பார்ப்பான். முருங்கைக்கீரை, சோப்பு, என் ஸ்டெதாஸ்கோப், எதையும் விடமாட்டான். பார்த்து முடித்து அவன் நகர்ந்த பிறகுதான் நாம் உள்ளே போகலாம். நெத்திலிக் கருவாடு இருந்தால் பொட்டலத்தின் மேலேயே உட்கார்ந்துவிடுவான். மாதச் சாமான் வரும் நாளில் அவனுக்கு அரை மணி நேர வேலை இருக்கும்.

முலாம்பழம் நறுக்கினால் எங்கிருந்தாலும் ஓடி வருவான். பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது. அந்தச் சுவையை உணர வேண்டிய மரபணு பூனை இனத்தில் வேலை செய்வதில்லை என்று 2005-இல் கண்டுபிடித்தார்கள். ஆகவே அவன் வந்தது வாசனைக்காகத்தான் இருக்க வேண்டும். கிண்ணத்தில் வைத்த தண்ணீரைத் தொடமாட்டான். குழாயில் சொட்டும் துளியை நாலு நக்கு நக்கிவிட்டுப் போய்விடுவான். பேப்பரை யாராவது விரித்துப் படித்தால் மட்டுமே அதன்மேல் படுப்பான். சும்மா கிடக்கும் பேப்பர் அவனுக்கு வேண்டாம்.

இதையெல்லாம் பாசத்தில் மட்டும் எழுதவில்லை. நான் கால்நடை மருத்துவர். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன கிளினிக் வைத்திருக்கிறேன். பூனையைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும், காய்ச்சலா, வாந்தியா என்று கேட்பதற்கு முன்னால், "இது வழக்கமா வீட்டுல என்ன சேட்டை பண்ணும்?" என்றுதான் கேட்கிறேன். முதல்முறை வருகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் பாதி நோய் தெரிகிறது.

பூனை வேட்டையாடும் பிராணி. ஆனால் உருவத்தில் சிறியது என்பதால் நாய்க்கும் பெரிய பறவைக்கும் அதுவே இரையாகலாம். வலி இருப்பதை வெளியே காட்டிய பூனை காட்டில் பிழைத்திருக்காது. அந்தப் பழக்கம் நம் வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் பூனைக்கும் போகவில்லை. கொர்கொர் என்று உறுமுகிறதே, நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைப்பார்கள். கடும் வலியிலும், சாகும் தறுவாயிலும்கூடப் பூனை அப்படி உறுமும். மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் 2019-இல், பூனையின் முகத்தைப் பார்த்தே வலியை அளக்க ஒரு முறை வகுத்தார்கள். காது பக்கவாட்டில் திரும்பியிருக்கிறதா, கண் இடுங்கியிருக்கிறதா, மூக்கைச் சுற்றி இறுகியிருக்கிறதா, மீசை விறைத்திருக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தாழ்ந்திருக்கிறதா என்று ஐந்தையும் பார்க்க வேண்டும். நல்ல முறை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனாலும் ஒரு பூனையின் தினசரிச் சேட்டையை அறிந்தவர் அதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார்.

ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, கிளினிக் திறப்பதற்கு முன்பே, ஒரு பாட்டி கூடையோடு படியில் உட்கார்ந்திருந்தார். கூடையில் வெள்ளையும் கருப்புமாக ஒரு கடுவன் பூனை.

"என்ன பாட்டி, சாப்பிடலையா?"

"நேத்து ராத்திரி சாப்பிட்டான். நாலு மணிக்கெல்லாம் எந்திச்சு வந்து என்னைய ஏசுவான்மா, பால்காரர் வர்ற வரைக்கும். இன்னைக்கு ஏசல. அதான் கொண்டாந்தேன்."

வேறு எந்தக் குறையும் அவர் சொல்லவில்லை. நான் வயிற்றைத் தடவிப் பார்த்தேன். மூத்திரப்பை எலுமிச்சம்பழம்போலக் கல்லாக இருந்தது. கடுவன் பூனையின் மூத்திரக்குழாய் மிகக் குறுகல். மணல்போன்ற படிகமோ சளிபோன்ற அடைப்போ நுனியில் சிக்கினால் மூத்திரம் வராது. ஒன்றிரண்டு நாளில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். மயக்கம் கொடுத்து, மெல்லிய டியூப் போட்டு அடைப்பை எடுத்தோம். நாலாம் நாள் வீட்டுக்குப் போனான். அடுத்த வாரம் பாட்டி வந்து, மறுபடியும் ஏச ஆரம்பித்துவிட்டான் என்று சொன்னபோது என் கண் கலங்கியது.

அதே நோயோடு இன்னொரு கடுவன், அடைப்பு தொடங்கி மூன்றாம் நாள்தான் வந்தது. திரும்பத் திரும்ப மண்ணைத் தோண்டி முக்கியிருக்கிறது. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்திருக்கிறார்கள். வந்தபோதே உடம்பு குளிர்ந்திருந்தது. காப்பாற்ற முடியவில்லை. கடுவன் பூனை முக்கினால் முதலில் மூத்திரம் போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் ராத்திரி என்றும் பாராமல் கிளம்புங்கள்.

மாற்றத்தைச் சரியாகக் கவனித்துவிட்டு, அடுத்த அடியில் தவறு செய்கிறவர்களும் உண்டு. விளையாட வரவில்லை, உடம்பு சுடுகிறது என்று பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பொடித்துக் கொடுத்துவிடுவார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் போதிய அளவு இல்லை. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஒரு பூனையைக் கொல்லப் போதும், பாதிகூடப் போதும். ஈறு பழுப்பு நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். மாற்று மருந்து உண்டு, ஆனால் சில மணி நேரத்துக்குள் வர வேண்டும். நாய்க்கு உண்ணிக்காகப் போடும் பெர்மெத்ரின் கலந்த மருந்தும் அப்படித்தான், பூனைக்கு வலிப்பு வந்துவிடும்.

சில சேட்டை அதுவே ஆபத்து. நம் வீடுகளில் மாலையில் பூக் கட்டும்போது நூலைப் பிடித்து விளையாடாத பூனை உண்டா? பூனையின் நாக்கில் முள் உள்நோக்கி வளைந்திருப்பதால், வாய்க்குள் போன நூலைத் துப்ப அதற்கு முடியாது. நூலின் ஒரு முனை நாக்கடியில் மாட்டிக்கொள்ளும், மறுமுனை குடலில் இறங்கும். பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குகிறதே, அப்படிக் குடல் சுருங்கி அறுபடும். வாயிலோ பின்பக்கமோ நூல் முனை தெரிந்தால் இழுக்கவே கூடாது. அப்படியே தூக்கி வர வேண்டும். பூக் கட்டியதும் நூல்கண்டை டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள்.

இத்தனையும் தெரிந்த நான், என் வீட்டுப் பூனையிடம் தவறவிட்டேன்.

கணக்குப்பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது ஆனபோது, பையைச் சோதிக்க வருவதைக் குறைத்தான். முதலில் அம்மாவின் பை, பிறகு தம்பியின் பை. என் பையை மட்டும் பார்த்தான், அதுவும் மேலோட்டமாக. "வயசாயிடுச்சு, ரிட்டயர் ஆயிட்டான்" என்று வீட்டில் சொன்னோம், நானும் சொன்னேன். கிண்ணத்தைத் தொடாதவன் கிண்ணத்தில் குடிக்க ஆரம்பித்தான். குளியலறை வாளியில் முன்னங்காலை ஊன்றி நின்று குடித்தான். தண்ணீர் குடிக்கப் பழகிவிட்டான் என்று அம்மா சந்தோஷப்பட்டாள். பிடிவாதம் போய்விட்டதே என்று நானும் நிம்மதியடைந்தேன்.

வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் வழி வந்தவை நம் பூனைகள். சிறுநீரைக் கெட்டியாக்கி நீரை மிச்சப்படுத்தும் சக்தி அவற்றின் சிறுநீரகத்துக்கு இயல்பிலேயே அதிகம். மீன் கலந்த ஈரச் சோறு தின்னும் பூனை தனியாகக் குடிக்கும் தண்ணீர் கொஞ்சம்தான். வயதான பூனை திடீரென்று வாளி தேடினால் அந்தச் சக்தி போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒரு நாளில் எடைக்குக் கிலோவுக்கு 50 மில்லிக்கு மேல் குடித்தால், அதாவது நாலு கிலோ பூனை 200 மில்லியைத் தாண்டினால், ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. சிறுநீரக நோய், சர்க்கரை நோய், தைராய்டு மூன்றுமே வயதான பூனைகளுக்கு வருகின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைத் தூக்கியபோது கைக்குள் முதுகெலும்பு தட்டுப்பட்டது. கிளினிக்கில் எடை போட்டேன். 4.6 கிலோ இருந்தவன் 3.7 இருந்தான். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறியிருந்தது. சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறக்குறைய முக்கால்பங்கு போன பிறகுதான் அந்த எண் ஏறும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் பையைச் சோதிக்காத முதல் நாள் எது என்று யோசித்துப் பார்த்தேன். எட்டு மாதம் ஆகியிருந்தது.

கருவாட்டை நிறுத்தினோம். அதில் உப்பும் பாஸ்பரஸும் அதிகம், இரண்டுமே கெடுதல். சிறுநீரக நோய்க்கான தீவனம் பிடிக்காமல் முதல் வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய சாப்பாட்டில் கலந்து பழக்கினோம். பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரலாம் என்று பூனையிடம் நினைக்கவே கூடாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் ஈரலில் கொழுப்பு படிந்து அதுவே உயிரை எடுக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் தோலுக்கடியில் ட்ரிப்ஸ் ஏற்றினேன். அம்மா மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வாள். இரண்டு வாரத்தில் வாசற்படிக்கு வந்தான். ட்ரிப்ஸ் பாட்டில்கள் இருந்த என் பையில் தலையை விட்டு, ஒவ்வொன்றாக மோந்து, நகர்ந்தான். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து பார்த்தாள்.

அப்படிப் பதினான்கு மாதம் இருந்தான். எட்டு மாதம் முன்னால் பார்த்திருந்தால் இன்னும் எவ்வளவு இருந்திருப்பான் என்ற எண்ணம் என்னை விடவில்லை. அவன் நோய் தெரிந்த பிறகுதான் கிளினிக்கின் கேஸ் ஷீட்டில், பெயர், வயது, எடைக்கு அடுத்தபடியாக, "வழக்கம்" என்று ஒரு வரி சேர்த்து அச்சடித்தேன். உரிமையாளரே தன் கையால் அதில் எழுத வேண்டும். 'மாவு கிரைண்டர் மேல் தூங்கும்.' 'பல்லியைப் பிடித்து என் செருப்பில் போடும்.' 'பேத்தி ஸ்கூல் விட்டு வரும் நேரம் தெரியும்.' ஏழு வயதைத் தாண்டிய பூனை என்றால் வருஷத்துக்கு இரண்டு முறை வரச் சொல்லி, முதலில் அந்த வரியைத்தான் வாசித்துக் காட்டுகிறேன், இன்னும் செய்கிறதா என்று. பிறகு எடை. நாலு கிலோ பூனையில் 400 கிராம் குறைவது 60 கிலோ மனிதருக்கு 6 கிலோ குறைவதற்குச் சமம். ரோமம் அதை மறைத்துவிடும், தராசு மறைக்காது.

அச்சகத்திலிருந்து வந்த முதல் கட்டில் ஒரு தாளை அன்றைக்கு வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். கணக்குப்பிள்ளை அப்போது இருந்தான். அம்மா அதை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவன் பெயரைப் போட்டு நிரப்பிக் கொடுத்தாள். என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. வழக்கம் என்ற இடத்தில் அவளுடைய சாய்ந்த எழுத்தில், "வீட்டுக்கு வருகிறவர்களின் பையைச் சோதிப்பான். சோதிக்காவிட்டால் மகளிடம் சொல்ல வேண்டும்."