அளவு சரி, கவுன் ஏன் இழுக்கிறது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், சிங்கப்பூர் தேக்கா மாடியில் இருக்கும் என் தையல் கடைக்கு ஒரு பெண் வந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். கையில் பை, பைக்குள் இளம்பச்சை லினனில் அவளே தைத்த ஒரு கவுன். இணையத்தில் தன் உடம்பு அளவுகள் இருபது இருபத்திரண்டைத் தட்டிப் போட்டு, அவளுக்கென்றே வரைந்து வந்த பேட்டர்னை, அதாவது துணி வெட்டும் வரைபடத்தை, வீட்டில் அச்சடித்து, ஏ4 தாள்களை ஒட்டி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தைத்திருக்கிறாள். தையல் சுத்தம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

"அக்கா, எல்லா அளவும் சரியாத்தான் போட்டேன். போட்டுப் பாத்தா நல்லாவே இல்ல. எனக்குத்தான் உடம்பு சரியில்ல போல."

இந்தக் கடைசி வாக்கியத்தை வாரம் ஒரு தடவையாவது கேட்கிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். நிமிர்ந்து நிற்கச் சொல்லவில்லை. சும்மா பேச்சுக் கொடுத்தேன், வேலை எங்கே, வீடு எந்தப் பக்கம் என்று. இரண்டு நிமிடத்துக்குள் மூன்று முறை முன்கழுத்தைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டாள், தனக்கே தெரியாமல். பின்பக்கம் போய் டேப் வைத்தேன். கவுனின் கீழ் விளிம்பு பின்னால் 3 சென்டிமீட்டர் தூக்கியிருந்தது. மார்பு, இடுப்பு, சீட் (பிட்டச் சுற்றளவு) எல்லாம் கச்சிதம், இரண்டு விரல் தாராளமாகப் போகிறது. அவள் போட்ட எண்கள் பொய் சொல்லவில்லை.

விஷயம் முதுகில். நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்காரும் உடம்பு. மேல் முதுகு லேசாக வளைந்து, தோள் முன்னால் வந்திருக்கிறது. வளைந்த முதுகைச் சுற்றிவர துணி கூடுதலாக வேண்டும். அங்கே இல்லாததால் கவுன் முன்பக்கத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. அதனால்தான் முன்கழுத்து தொண்டையை அழுத்துகிறது, பின்விளிம்பு தூக்குகிறது.

டேப்பைச் சுற்றிப் பிடித்தால் மொத்தம் எத்தனை என்று சொல்லும். அதில் முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று சொல்லாது. மார்பு 96 சென்டிமீட்டர் என்று இரண்டு பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். ஒருவருக்கு முதுகு அகலம், மார்பு சிறிது. இன்னொருவருக்கு முதுகு ஒடுக்கம், மார்பு பெரிது. எண் ஒன்றுதான். ஆனால் முதலாமவரின் கவுனை இரண்டாமவர் போட்டால் முன்னால் விறைத்துக்கொண்டு, பின்னால் தொளதொளக்கும். அதனால்தான் நான் மார்புச் சுற்றளவோடு, அக்குளை ஒட்டி மார்புக்கு மேலே ஓர் அளவும் எடுக்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் 5 சென்டிமீட்டரைத் தாண்டினால், முன்பக்கத்துக்குத் தனியாக இடம் கொடுத்து டார்ட்டை, அதாவது மார்பு வடிவுக்காகத் தைக்கும் கூர்மடிப்பை, பெரிதாக்க வேண்டியிருக்கும். அதன் பிறகு பக்கத் தையலிலிருந்து பக்கத் தையல் வரை முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. உங்கள் பேட்டர்ன் இந்த அளவுகளைக் கேட்கவே இல்லையென்றால், அது உங்கள் உடம்பைப் பாதிதான் தெரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று, தன்னைத்தானே அளக்கும் பழக்கம். டேப்பில் என்ன எண் என்று பார்க்கத் தலையைக் குனிந்தாலே தோள் முன்னால் வந்து முன்பக்கம் குறுகிவிடும். கையைத் தூக்கினால் மார்பு அளவு மாறும். முதுகு நீளத்தைத் தானே எடுப்பது நடக்காத காரியம். அம்மாவையோ தோழியையோ கூப்பிடுங்கள். இடுப்பில் ஒரு எலாஸ்டிக்கைக் கட்டிக்கொண்டு நாலு தடவை குனிந்து நிமிர்ந்தால் அது தன் இடத்தில் போய் உட்காரும். உங்கள் இடுப்பு அதுதான். பிடரியில் துருத்தும் எலும்பிலிருந்து அந்த எலாஸ்டிக் வரை பின்நீளம். கவுனுக்குள் எந்த பிராவைப் போடப் போகிறீர்களோ அதையே போட்டுக்கொண்டு அளக்க வேண்டும். இதைச் சொல்ல வெட்கப்பட்டு எத்தனை பிளவுஸ் பாழாகியிருக்கிறது தெரியுமா!

நம் ஆட்களுக்கு இன்னொரு குறுக்குவழி, அளவு பிளவுஸ். "அக்கா, இதே மாதிரி தச்சிடுங்க" என்று ஒன்றை நீட்டுவார்கள். அது நாலு வருடத்துக்கு முந்தையதாக இருக்கும், இரண்டு தடவை பிரித்து விட்டிருப்பார்கள், அக்குள் நைந்து இளகியிருக்கும். அதை அளந்தால் எனக்குப் பழைய துணியின் கதைதான் கிடைக்கும். வாங்கிக்கொள்வேன், வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் டேப்பையும் எடுத்துவிடுவேன்.

வீட்டில் அச்சடிப்பவர்கள் முதல் தாளில் இருக்கும் சோதனைக் கட்டத்தை ஸ்கேல் வைத்து அளக்காமல் மேலே போகாதீர்கள். 10 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய கட்டம் 9.7 இருந்தால், மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். மார்பு 96, உடம்பு அசைய விடும் லூஸ் 7, ஆக 103 சென்டிமீட்டர் வர வேண்டிய கவுன் 99.9ல் நின்றுவிடும். லூஸில் கிட்டத்தட்டப் பாதி போச்சு. இந்த ஊர்ப் புழுக்கத்தில் அந்தக் கவுன் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். தாளுக்குள் அடங்கும்படி சுருக்காமல், நூறு சதவீதத்தில் அச்சடிக்க வேண்டும். ஒட்டப் பொறுமை இல்லையென்றால் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பக்கம் அச்சுக்கடைகள் இருக்கின்றன, பெரிய தாளில் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம்.

துணியை நனைக்காமல் வெட்டுவது பற்றி எனக்கே ஓர் அவமானம் உண்டு. கடை போட்ட புதிதில், அராப் ஸ்திரீட்டில் வாங்கிய கருநீல லினனை ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்தார். அவசரம் என்றதால் தண்ணீர் காட்டாமல் வெட்டிவிட்டேன். கவுன் அழகாகத்தான் இருந்தது. முதல் சலவை முடிந்து திரும்பி வந்தபோது நீளத்தில் 4 சென்டிமீட்டர் காணோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த தீபாவளிக்கு வரவும் இல்லை. அன்றிலிருந்து காட்டன், லினன் எதுவானாலும் முதலில் வாளிக்குள் போகும், அப்புறம்தான் மேசைக்கு வரும்.

இனி முக்கியமானது. நல்ல துணியில் கத்தரிக்கோல் வைக்குமுன் காடாத்துணியில் ஒரு சாம்பிள் தையுங்கள். காடா இல்லையென்றால் பழைய படுக்கை விரிப்பு போதும். கையும் காலரும் இப்போது வேண்டாம், உடம்புப் பகுதி மட்டும், பெரிய தையலாக ஓட்டிவிடுங்கள். அதற்கு முன்னால் துணியின் மேலேயே மார்க்கரால் மூன்று கோடு போடுங்கள்: மார்புக்குக் குறுக்கே ஒன்று, இடுப்புக்குக் குறுக்கே ஒன்று, பாவு நூல் ஓடும் நீளவாட்டுத் திசையில் நடுவில் ஒன்று. போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். குறுக்குக் கோடுகள் தரைக்குச் சமமாக நிற்க வேண்டும். பின்கோடு மேலே ஏறினால் முதுகு துணி கேட்கிறது. முன்கோடு ஏறினால் மார்போ வயிறோ கேட்கிறது.

பிறகு சுருக்கங்களைப் பாருங்கள். இழுபட்டு விறைப்பாக நிற்கும் சுருக்கம் வேறு, தொய்ந்து மடியும் சுருக்கம் வேறு. முதலாவது துணி போதவில்லை என்கிறது, இரண்டாவது மிஞ்சிவிட்டது என்கிறது. கழுத்தோரத்திலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாகத் தொய்ந்தால் தோள் சரிவு. பிடரிக்குக் கீழே குறுக்காக ஒரு மடிப்பு எழும்பினால் பெரும்பாலும் தோள் நேராக, சதுரமாக இருக்கிறது. அந்த மடிப்பைக் குண்டூசியால் கிள்ளிப் பிடித்து எவ்வளவு என்று அளந்து, அதைப் பேட்டர்ன் தாளில் சரிசெய்யுங்கள். மடிக்கணினிப் பையை எப்போதும் ஒரே தோளில் மாட்டுகிறவர்களில் ஒரு தோள் ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அவர்களுக்கு இடது, வலது தனித்தனியாகத்தான் வரைய வேண்டும்.

அக்குள் விஷயத்தில் எல்லாரோடும் எனக்குச் சண்டை. "கை தூக்க முடியல, ஆம்ஹோலை இறக்கி வெட்டுங்க" என்பார்கள். கையை இணைக்கும் வளைவுதான் ஆம்ஹோல். இறக்கினால் இன்னும் மோசமாகும். எம்ஆர்டி ரயிலில் கைப்பிடியைப் பிடிக்கக் கை தூக்கும்போது, இறங்கிய ஆம்ஹோல் கவுனையே மேலே இழுத்துக்கொண்டு போகும். அக்குளை ஒட்டி உயரமாக வெட்டி, கையின் மேல் சுற்றளவில் கொஞ்சம் இடம் கொடுத்தால் கை மட்டும் தூக்கும், கவுன் தன் இடத்தில் நிற்கும். சாம்பிளைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கிப் பாருங்கள், நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். நின்றபடி மட்டும் பார்த்த ஃபிட்டிங் பாதி ஃபிட்டிங்.

பக்கத் தையலில் ஓர் அங்குலமாவது உள்ளே துணி விடுங்கள். பேட்டர்ன் ஒரு சென்டிமீட்டர் போதும் என்று சொல்லும், கேட்காதீர்கள்.

அந்தப் பெண் பேட்டர்ன் சொன்னதைக் கேட்டிருந்தாள். அவள் கவுனில் பிரித்து விட ஒன்றுமே இல்லை. மிச்சத் துணி இருக்கிறதா என்றேன். அரை மீட்டர் இருந்தது, நல்லவேளை, நனைத்ததும்கூட. பின்பக்கத்தைத் தோள்பட்டை எலும்புக்கு நேராகக் குறுக்கே வெட்டி, மேல்துண்டை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகப் புதிதாக ஒரு யோக், அதாவது தோளை மூடும் மேல்துண்டு, வெட்டினேன். ஓரங்களில் பழைய நீளம், நடுமுதுகில் 2 சென்டிமீட்டர் கூடுதல், கீழ் விளிம்பு வயிறு மாதிரி வளைவு. தோள் தையலையும் ஒரு சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தினேன். முதலில் இழை ஓட்டிப் போட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் மெஷினில் ஏற்றினேன்.

அடுத்த சனிக்கிழமை அம்மாவோடு வந்தாள். போட்டுக்கொண்டு வெளியே வந்து கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள், கழுத்துக்குக் கை போகவில்லை. அம்மா மட்டும் பின்னால் போய் நின்று முதுகை ஒரு மாதிரி பார்த்தார்.

"என்னடி இது, புதுத் துணியில ஒட்டுப் போட்டிருக்கு?"

"அது டிசைன்மா," என்றாள்.