ஜுவனைல் ரெக்கார்ட்: சொல் விளக்கம்

மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் வக்கீல், குமாஸ்தா, கோர்ட் போலீஸ் என எல்லோர் வாயிலும் புழங்கும் சொல் இது. "பையன் மேல ஏற்கெனவே ஜுவனைல் ரெக்கார்ட் இருக்குண்ணே" என்பார்கள். 18 வயது நிரம்புமுன் ஒருவர் மீது வந்த வழக்கு, அதில் நடந்த விசாரணை, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் போட்ட உத்தரவு, விசாரணைக் காலத்தில் சிறாரைத் தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் இருந்த விவரம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த ரெக்கார்ட்.

'ஜுவனைல்' லத்தீன் வழி வந்தது. அங்கே 'யுவெனிஸ்' என்றால் இளவயதினர். 'ரெக்கார்ட்' என்பதற்கு வேர் 'கோர்', அதாவது இதயம். மறுபடி நெஞ்சுக்குக் கொண்டுவருதல், நினைவுகூர்தல் என்பதே அதன் முதற்பொருள்.

தமிழில் என்ன சொல்வது? 'இளைஞர் நீதிக் குழுமம்' என்ற பெயர் வழக்கில் இருக்கிறது. ஆனால் முப்பது வயதுக்காரரையும் நாம் இளைஞர் என்கிறோம். 15 வயதுப் பிள்ளையைக் குறிக்க அது பொருந்தாது. 'சிறார்' சரியான சொல். பலர்பால் என்பதால் ஒருவரைக் குறிக்கும்போது சிறுவன், சிறுமி என்றே எழுதலாம். பதிவைச் சொல்ல 'இளஞ்சிறார் வழக்குப் பதிவு' போதும். 'குற்றப் பதிவு', 'குற்றப் பின்னணி' என்று மட்டும் எழுதக் கூடாது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் சட்டத்திலேயே இருக்கிறது.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 3-ல், சிறார் தொடர்பான நடவடிக்கைகளில் குற்றஞ்சாட்டும் சொற்களே வரக் கூடாது என்கிறது. பிரிவு 24 இன்னும் ஒரு படி மேலே போகிறது: இச்சட்டப்படி விசாரிக்கப்பட்ட பிள்ளைக்கு, தண்டனை பெற்றவருக்கு வரும் தகுதியிழப்பு எதுவும் வராது, மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் பதிவுகளை அழித்துவிட வேண்டும். முடிந்துபோன வழக்கின் பதிவை நன்னடத்தைச் சான்றுக்காகவோ வேறெதற்குமோ போலீஸ் வெளியிடக் கூடாது என்பது பிரிவு 74.

மேலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், வயது 24, அடிதடி வழக்கில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரில் எதிரி கூண்டேறிச் சாட்சி சொல்வது குறைவு. ஆனால் விரும்பினால் சொல்லலாம். இவன் சொல்கிறான். குறுக்கு விசாரணையில் அரசு வக்கீல் கேட்கிறார்: "பதினஞ்சு வயசுல டூவீலர் திருடி கூர்நோக்கு இல்லத்துல இருந்தீங்களா, இல்லையா?" அடிதடிக்கும் டூவீலருக்கும் என்ன சம்பந்தம்? இவன் பேச்சை நம்பாதீர்கள் என்று சொல்லாமல் சொல்வதுதான் நோக்கம். நம் கோர்ட்டுகளில் கேள்வியும் பதிலும் கலந்து, "நான் சிறு வயதில் திருட்டு வழக்கில் சம்பந்தப்பட்டேன் என்றால் சரிதான்" என்று சாட்சி வாயால் சொன்னதாகவே வாக்குமூலத்தில் ஏறிவிடும். அழிந்திருக்க வேண்டிய பதிவு அந்த ஒரு வரியில் புதிதாகப் பிறந்துவிடுகிறது. அதனால் எதிரி தரப்பு வக்கீல் பதில் வரும்வரை காத்திருக்காமல் கேள்வி எழும்போதே ஆட்சேபிக்க வேண்டும்.

பிடிமானம் உண்டு. எதிரி தன் நல்ல நடத்தையை நிறுவ முன்வந்தாலன்றி, அவரது கெட்ட நடத்தை வழக்குக்குச் சம்பந்தமற்றது. 1872-இன் சாட்சியச் சட்டத்தில் 54-ஆம் பிரிவாக இருந்த இது, 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 49-ஆம் பிரிவு. சாட்சியின் நம்பகத்தன்மையைக் குலைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டுமா என்று தீர்மானிக்கும் அதிகாரமும் நீதிபதிக்கு இருக்கிறது.

அமெரிக்காவில் இதே விஷயம் வேறு விதமாக ஓடுகிறது. அங்கே ஃபெடரல் சாட்சிய விதி 609, குற்ற வழக்கில் எதிரி அல்லாத சாட்சியின் சிறார் பதிவை மட்டும், அதுவும் நியாயமான முடிவுக்குத் தேவைப்பட்டால், ஏற்க இடம் தருகிறது. எதிரியின் சொந்தப் பதிவைக் கொண்டு அவர் நம்பகத்தன்மையைத் தாக்க அந்த விதி இடம் தருவதில்லை. 1974-இல் 'டேவிஸ் எதிர் அலாஸ்கா' வழக்கில், அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சியாக இருந்த சிறுவனின் பழைய வழக்கைக் கேட்க எதிரிக்கு உரிமை உண்டு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாட்சியை நேருக்கு நேர் எதிர்கொள்ளும் உரிமை அங்கே மேலோங்கியது. அந்தச் சிறுவனின் பக்கம் யோசித்தால் எனக்கு அது உறுத்துகிறது. ஆனால் சிறைக்குப் போகக்கூடியவர் எதிரிதான் என்பதையும் மறுக்க முடியவில்லை.

நம் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. 16 வயது நிரம்பியவர் கொடுங்குற்ற வழக்கில் குழந்தைகள் நீதிமன்றத்தால் வயது வந்தவராகவே விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி எனக் காணப்பட்டால், பிரிவு 24-இன் பாதுகாப்பு அவருக்கு இல்லை, பதிவும் அழியாது. மனு எழுதுகிறவர்கள் எந்தப் பதிவு என்பதை முதலிலேயே பிரித்து எழுத வேண்டும்.