ஒலியோடை: ‘ஸ்ட்ரீமிங்’ என்னும் சொல்லுக்கு ஒரு விளக்கம்

ஒலிவாங்கியில் விழும் குரலைச் சேமித்து வைக்காமல், அது எழும்போதே இன்னொரு கணினிக்கு அனுப்பிக் கேட்பதை ‘ஸ்ட்ரீமிங்’ என்கிறோம். கோணேசர் கோயில் திருவிழாவை வெளிநாட்டு உறவினர் பார்க்கும்போது, திருகோணமலையில் நாம் அதனை ‘நேரலை’ என்றோ ‘நேரடி ஒலிபரப்பு’ என்றோ சொல்கிறோம். இரண்டும் நல்ல சொற்களே. ஆயினும் ‘ஸ்ட்ரீமிங்’ குறிக்கும் செயல் வேறு.

பரப்புதல் என்பது ஓரிடத்திலிருந்து எல்லாத் திசைக்கும் விரித்தல். ஜேர்மனிய வானொலியான டொய்ச்ச வெலே நமது மாவட்டத்தில் நடத்திய சிற்றலை நிலையம் செய்தது அதுவே. யார் கேட்கிறார் என்று அறியாமலே அது அலையை விரித்தது. உவர்மலையில் ஒரு பிள்ளை பாடுவதை நிலாவெளியில் அம்மம்மாவின் கணினி மட்டும் கேட்கும்போது அங்கே பரப்பு ஏதுமில்லை. ‘நேரலை’யோ ஒலி எப்போது வருகிறது என்பதைச் சொல்கிறதேயன்றி, எவ்வாறு வருகிறது என்பதைச் சொல்வதில்லை.

ஆங்கிலச் சொல்லின் வேர் நீரில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ஓடும் நீரைக் குறித்த சொல் அது. வடமொழியில் நீரோட்டத்தைக் குறிக்கும் ‘ஸ்ரோதஸ்’ அதற்கு உறவுச்சொல். கணினியில் இந்த நீர் உவமை இணைய வானொலிக்கு முன்பே குடியேறிவிட்டது. ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலின் உள்ளீடாகக் கொடுக்கும் ‘பைப்’, அதாவது குழாய், 1973இல் கணினி அறிஞர் டக் மெக்கில்ராயின் வற்புறுத்தலால் ‘யூனிக்ஸ்’ என்னும் இயங்குதளத்தில் சேர்ந்தது.

கட்டளைகளைத் தட்டச்சிட்டுக் கணினியை இயக்கும் கட்டளை வரியில் இதனைச் செய்துபார்ப்பவருக்கு உவமை கண்ணெதிரே நடக்கும். லினக்ஸ் இயங்குதளத்தில் ‘ஏரெக்கார்ட்’ என்னும் நிரல் ஒலிவாங்கியிலிருந்து ஒலியை முகக்கிறது, ஒரு செங்குத்துக் கோடு குழாயாக நின்று அதனை ‘எஸ்எஸ்எச்’சிடம் கொடுக்கிறது, அது பிறர் ஒட்டுக்கேட்க முடியாதபடி மறையாக்கம் செய்து மறுமுனைக்குக் கொண்டு செல்ல, அங்கே ‘ஏப்ளே’ ஒலிபெருக்கியில் ஊற்றுகிறது. எஸ்எஸ்எச்சுக்குப் பதிலாக ‘நெட்கேட்’டையும் வைக்கலாம், ஆனால் அது மறையாக்கம் செய்யாது என்பதால் வீட்டு வலையமைப்புக்கு வெளியே அதனை நான் பரிந்துரைப்பதில்லை. இறுவட்டுத் தரத்தில் நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை அளந்த எண்கள்), மாதிரிக்கு 2 பைட், 2 தடங்கள் என 176,400 பைட் ஒவ்வொரு நொடியும் அக்குழாயில் ஓடுகிறது. ஒரு மணிநேரத்தைக் கோப்பாகத் தேக்கினால் ஏறத்தாழ 635 மெகாபைட் ஆகும். ஓடவிட்டாலோ எந்தக் கணத்திலும் கணினியின் கையில் இருப்பது மிகச் சிறிய பங்குதான். கந்தளாய்க் குளத்தில் தேங்கிய நீருக்கும், துருசு திறந்தபின் வாய்க்காலில் வயலை நோக்கி ஓடும் நீருக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஆகவே தமிழ்ச் சொல்லும் ஓட்டத்தைச் சொல்ல வேண்டும். சிலர் ‘தாரை’ என்பர். ‘தாரை தாரையாகக் கண்ணீர்’ என்னும் வழக்கில் அறுபடாத ஒழுக்கு இருப்பதால் பொருள் பொருந்துகிறது. ஆனால் தாரை என்பது ஊதுகருவி ஒன்றின் பெயருமாதலால், ‘ஒலித்தாரை’ என்றவுடன் கேட்பவர் மனம் அக்கருவிக்குப் போய்விடும். நான் ஓடையையே தேர்கிறேன். ‘ஓடு’ என்னும் வினை அதில் வெளிப்படையாக நிற்கிறது. கரைகளுக்கிடையே, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு என்னும் எல்லையும் அதில் உண்டு. ஒலிக்கு ஒலியோடை, காணொளிக்குக் காணொளியோடை, அக்கணமே எழுவதாயின் நேரடி ஒலியோடை. ஒலி விட்டுவிட்டு வராதிருக்கக் கணினி இடையில் சிறிது சேர்த்துவைக்கும் ‘பஃபர்’ என்பதை, ஓடையின் வழியில் நீர் சற்றே தங்கும் பள்ளமாகிய ‘மடு’ என்று சொல்லிப் பார்க்கிறேன்; மடு ஆழமானால் ஒலி சீராகும், ஆனால் தாமதமும் கூடும்.

வினைச்சொல்லுக்குப் புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை. ‘படம் ஓடுது’ என்று திரையரங்கு வாசலில் நாம் சொல்லிப் பழகியதுதான். ‘ஸ்ட்ரீம் பண்ணு’ என்னும் இடத்தில் ‘ஓடவிடு’ என்றால் நிலாவெளி அம்மம்மாவுக்கும் விளங்கும்.