காட்டுப்பன்றியைச் சுட அரசாணை: மனு எழுதும் முன் தெரிய வேண்டியவை

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஆணை போட்டு, ‘காட்டுப்பன்றியைச் சுட அனுமதி’ என்று செய்தி வந்ததும், இனி நாமே சுட்டுக்கொள்ளலாம் என்று பல ஊர்களில் எடுத்துக்கொண்டார்கள். கிடையாது. சுடுவது வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள் மட்டும்தான். உங்கள் வீட்டில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி இருக்கலாம், பன்றி உங்கள் மக்காச்சோளத்துக்குள்ளேயே நிற்கலாம். நீங்கள் சுட்டால் வழக்கு உங்கள் மேல்தான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றி இப்போது பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் 2-ஆம் அட்டவணையில் இருக்கிறது. 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். பயிர்க்காவலுக்கென்று வாங்கிய லைசென்ஸ் துப்பாக்கி வைத்துக்கொள்ளத்தான்; வனவிலங்கைக் கொல்ல அது அனுமதி ஆகாது. பாலக்காட்டுப் பக்கம் சொந்தக்காரர் இருப்பவர்கள் “கேரளாவில் சுடுகிறார்களே” என்பார்கள். அங்கே 2022-லிருந்து உள்ளாட்சித் தலைவரே உத்தரவு கொடுக்கலாம், லைசென்ஸ் உள்ள வெளியாட்களும் சுடலாம். அந்த முறை இங்கே இல்லை.

ஆணை சொல்வது சுருக்கமாக இவ்வளவுதான். காப்புக்காட்டிலிருந்து (அரசு அறிவித்த ரிசர்வ் ஃபாரஸ்ட்) 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடவும் முடியாது, பிடிக்கவும் முடியாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை வனத்துறை பிடித்துக் காட்டில் விடும். 3 கிலோமீட்டரைத் தாண்டினால் சுடலாம். இதைப் பார்க்கக் கிராம அளவில் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), வனத்துறை ஊழியர், ஊராட்சித் தலைவர் ஆகியோரைக் கொண்ட குழு இருக்கும்.

இதில் முதல் சிக்கல் தூரம். காடு என்றால் நாம் மலையைப் பார்ப்போம். ஆனால் ஊர் ஓரத்தில் நாலு புதரோடு நிற்கும் கரடுகூட (சிறு குன்று) ஆவணத்தில் காப்புக்காடாக இருக்கலாம். அப்படி இருந்தால் உங்கள் நிலம் 1 கிலோமீட்டருக்குள் விழுந்துவிடும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நிலத்தையும் “காட்டுக்குப் பக்கம், ஒன்றும் செய்ய முடியாது” என்று வாய்வார்த்தையில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். எந்தக் காப்புக்காடு, அதன் எல்லையிலிருந்து என் சர்வே எண்ணுக்கு எத்தனை கிலோமீட்டர், அளந்தது நேர்கோட்டிலா ரோட்டு வழியிலா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னதும் தூரம் மாறிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

காட்டை ஒட்டி இருப்பவருக்குத்தான் அடி அதிகம், அவருக்கு இந்த ஆணையால் ஒன்றுமே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு மிஞ்சுவது வேலியும் இழப்பீடும்தான்.

அடுத்தது மனு கொடுக்கும் அலைச்சல். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, குத்தகை நிலத்தில் கடலை போட்டிருந்தார். அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது பன்றிகள் இறங்கி, ஏர் ஓட்டியது போலக் கிளறிப் போட்டுவிட்டன. வி.ஏ.ஓ. அலுவலகத்தில் மனுவை வாங்கிப் பார்த்துவிட்டு, மூலையில் பென்சிலால் ‘வனத்துறை’ என்று எழுதிக் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். வனத்துறை அலுவலகத்தில் “வருவாய்த்துறை பரிந்துரை வேண்டும்” என்றார்கள். எந்தப் பதிவேட்டிலும் ஏறாததால், அந்த மனு கொடுத்ததாகவே கணக்கில் இல்லை.

அதனால் ஒரே மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வி.ஏ.ஓ.வுக்கும் ஒன்றை ரேஞ்சருக்கும் (வனச்சரக அலுவலர்) ஒரே நாளில் கொடுங்கள். இரண்டிலும் ‘நகல்: மற்றவருக்கு’ என்று கீழே எழுதுங்கள். ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். தரமாட்டேன் என்றால் வாக்குவாதம் வேண்டாம். தபால் ஆபீஸுக்குப் போய் ஸ்பீட் போஸ்டில், ஒப்புகையோடு அனுப்புங்கள் (பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் அதோடு சேர்ந்துவிட்டது). பதில் வராவிட்டால் கலெக்டர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம். தபால் ரசீதோடு அங்கே போய் நிற்பவரை “விசாரிக்கிறோம்” என்று மட்டும் சொல்லி அனுப்புவது கொஞ்சம் கஷ்டம். ஊரில் நாலு பேர் நிலத்தில் பன்றி இறங்கியிருந்தால் நாலு பேரும் தனித்தனியாக மனு கொடுங்கள். பொதுவாக ஒரு கடிதம் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டால், ஒருவருக்குப் பதில் சொல்லி ஊருக்கே முடித்துவிடுவார்கள்.

குழு இன்னும் கூடவில்லை என்பது அடுத்த பதில். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதே மாதத்தில்தான் தலைவரையும் சேர்த்துக் குழு என்று ஆணை வந்தது. “தலைவரே இல்லை, எப்படிக் கூட்டுவது?” என்று கேட்டால், புதுத் தலைவர் வரும்வரை அந்தப் பொறுப்பைத் தனி அலுவலர் பார்க்கிறார் என்று சொல்லுங்கள். அவருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.

இனி இழப்பீடு. பல ஆண்டுகளாக வனத்துறை சொல்லிவந்த உச்சவரம்பு ஏக்கருக்கு 25,000 ரூபாய், தென்னை ஒன்றுக்கு 500 ரூபாய். அரை ஏக்கர் போனால் முழு ஏக்கருக்கான தொகையை எதிர்பார்க்காதீர்கள். பணம் நழுவுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். மனம் பொறுக்காமல் மறுநாளே நிலத்தைச் சரிசெய்துவிடுகிறோம். ஆய்வுக்கு வருபவர் “சேதம் தெரியவில்லை” என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார். வந்து பார்க்கும்வரை குளம்புத் தடத்தை மிதிக்காமல் விடுங்கள். தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள், பக்கத்தில் உள்ள கிணறோ மின்கம்பமோ படத்தில் வரட்டும். தடம் அழிந்துவிட்டால் “ஊர்ப்பன்றி தின்றிருக்கும்” என்றும் ஒரு பதில் தயாராக இருக்கும்.

இன்னொன்று பெயர். சிட்டா நிலத்துக்காரர் பெயரில் இருக்கும், பயிர் போட்டவர் குத்தகைக்காரர். அந்த அம்மாவுக்கு நடந்தது இதுதான். நிலத்துக்காரர் பெயரைக் காட்டியே மனுவை ஓரம் கட்டினார்கள். விதைத்த உடனேயே அடங்கலில் (வி.ஏ.ஓ. வைத்திருக்கும் பயிர்ப் பதிவேடு) பயிரைப் பதிய வைத்து, நிலத்துக்காரரிடம் ஒரு சம்மதக் கடிதமும் வாங்கி வையுங்கள். பன்றி வந்தபிறகு கேட்டால் அவர் மனசு மாறியிருக்கும்.

இத்தனை அலைச்சலில் வெறுத்துப்போய்த்தான் பலர் வேலியில் கரண்ட் விடுகிறார்கள். கோபம் புரிகிறது. ஆனால் அந்தக் கம்பிக்குப் பன்றி, ஆள் என்று பேதம் தெரியாது. விடிகாலையில் தண்ணீர் கட்டப் போகும் பக்கத்து நிலத்துக்காரர் வரப்பில் கால் வைத்தால் போதும். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் இப்படிப்பட்ட கம்பியில் 3 யானைகள் செத்தன, விவசாயி கைதானார். அவுட்டுக்காயும் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) அப்படித்தான். மேய வந்த மாட்டின் வாய் சிதறும், ஊர் நாய் சாகும். பேட்டரியில் ஓடும் சோலார் வேலி வேறு. அது அதிர்ச்சி கொடுத்து விரட்டுமே தவிரக் கொல்லாது. காப்புக்காட்டை ஒட்டிய பகுதியில் அதற்கும் 2023-இல் விதிகள் வந்துவிட்டன. வனத்துறையில் முன்அனுமதி வாங்காமல் கடைக்காரர் பேச்சை நம்பிப் போட்டுவிடாதீர்கள்.

கடைசியில் உத்தரவு வந்து, சுடுகிற குழு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் யார் யார் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். எந்தச் சாளையில் (தோட்டத்துக் குடிசை) யார் படுப்பார், எந்தப் பரணில் யார் காவல் இருப்பார், எந்தப் பக்கம் வீடு என்று பகலிலேயே கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஆளுயரச் சோளத்துக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்று டார்ச் அடித்தாலும் தெரியாது. அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்களிடம் நீங்களே நேரில் போய், இன்று ராத்திரி யாரும் நிலத்துப் பக்கம் வரவேண்டாம், நாயைக் கட்டிப்போடுங்கள் என்று சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டதோடு விடாதீர்கள். காவலுக்குப் படுக்கிற தாத்தா வாட்ஸ்அப் பார்ப்பதில்லை. குண்டு பட்டு ஓடிய பன்றியைத் தேடி யாரும் புதருக்குள் நுழையக் கூடாது, அது பாய்ந்துவிடும். செத்த பன்றியை வனத்துறையே எடுக்கட்டும், கறி கேட்டு யாரும் கை வைக்க வேண்டாம்.

உங்கள் நிலத்திலோ பக்கத்து நிலத்திலோ கரண்ட் கம்பி இருந்தால் மனு கொடுக்கும் முன்பே கழற்றச் செய்யுங்கள். சுட வருபவர்கள் இருட்டில் அதே வரப்பில்தான் நடப்பார்கள்.