சூடு ஆறும்போது காகிதத்தில் விழும் தழும்புகள்

ஒரு பழைய அமெரிக்கக் காமிக்ஸை நேராகப் பிடித்துப் பார்த்தால் அட்டை தட்டையாக, சுத்தமாகத் தெரியும். அதையே மேசை விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், வெளிச்சம் அட்டையை உரசிக்கொண்டு போகும்படி சாய்த்துப் பாருங்கள். முதுகோரத்தில், தாள்களைச் சேர்த்துப் பிடிக்கும் கம்பிப் பின்கள் இருக்கும் இடத்தில் இரண்டு சின்ன மேடுகள் தெரியலாம். நடுவில் ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு, ஒரு மூலையில் மட்டும் மங்கிப்போன பளபளப்பு என்று வேறு சிலவும் கண்ணில் படலாம். புத்தகத்தைப் படித்ததால் இப்படி ஆகாது. அழகாக்க நினைத்து யாரோ அவசரமாக பிரஸ்ஸில் வைத்து எடுத்திருக்கிறார்கள்.

காமிக்ஸ் சேகரிப்பவர்கள் 'பிரஸ்ஸிங்' என்று சொல்வது, ஈரப்பதமும் சூடும் அழுத்தமும் கொடுத்துப் புத்தகத்தின் வளைவு, அலை, பள்ளம் ஆகியவற்றை நீக்குவதை. புகைப்படங்களை அட்டையில் ஒட்டப் பயன்பட்ட பழைய சூட்டு பிரஸ்ஸும், டி-சர்ட்டில் படம் பதிக்கும் ஹீட் பிரஸ்ஸும்தான் இதற்குக் கருவிகள். 2000-இல் சிஜிசி நிறுவனம் காமிக்ஸைப் பரிசோதித்து, 10-க்கு மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தர ஆரம்பித்த பிறகு இந்த வேலைக்குப் பெரிய மவுசு வந்தது. பிரஸ்ஸிங்கை அந்த நிறுவனம் பழுதுபார்ப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை. அட்டையில் வண்ணம் தீட்டினால் அது வேறு கணக்கு. ஸ்பைடர்மேன் முதன்முதலில் வந்த 1962-ஆம் ஆண்டு இதழின் அட்டை விலை 12 சென்ட்; 9.6 மதிப்பெண் பெற்ற ஒரு பிரதி 2021-இல் 36 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த உயரத்தில் மதிப்பெண் கொஞ்சம் கூடினாலும் விலை எங்கோ போய்விடும். அதனால்தான் ஆட்கள் துணிகிறார்கள்.

சரி, சூட்டில் காகிதம் ஏன் நிமிர்கிறது? வெள்ளை வேட்டியை இஸ்திரி போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தெளிக்காமல் தேய்த்தால் சுருக்கம் லேசில் போகாது. பருத்தியும் காகிதமும் அடிப்படையில் செல்லுலோஸ் நார்கள். பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. தண்ணீர் நடுவில் புகுந்ததும் அந்தப் பிடி தளர்கிறது. காமிக்ஸின் உள்தாள் மலிவான நியூஸ்பிரிண்ட் என்பதால் அதில் லிக்னின் என்ற மரப்பசையும் நிறைய உண்டு. காய்ந்த நிலையில் விறைப்பாக இருக்கும் லிக்னின், ஈரமும் சூடும் சேர்ந்தால் இளகிவிடும். இப்படி இளகிய காகிதத்தை எந்த வடிவத்தில் வைத்தாலும் அது ஏற்றுக்கொள்ளும்.

இங்கே ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. சூடு காகிதத்தை இளக்கித்தான் கொடுக்கிறது; வடிவம் உறைவது அது ஆறிக் காயும்போது. தேய்த்த கையோடு சட்டையைச் சூடாக மடித்து வைத்தால் புது மடிப்பு விழுவது இதனால்தான். காமிக்ஸும் அப்படியே. இளகியிருந்த நேரத்தில் எது மேலே பட்டதோ, அதன் உருவத்தை வாங்கிக்கொண்டு உறைந்துவிடும். நல்ல கைகாரர்கள் பிரஸ்ஸை அணைத்த பிறகும் புத்தகத்தை அழுத்தத்திலேயே வைத்து முழுசாக ஆறவிடுவார்கள். இரவு முழுக்க விடுபவர்களும் உண்டு. சூட்டோடு திறந்து எடுத்தால் மேலே காற்றுப்படும் பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும். புத்தகம் கண்முன்னே வளையும்.

இப்போது அந்த இரண்டு மேடுகளுக்கு வருவோம். காமிக்ஸ் சீரான தடிமன் உள்ள பொருள் அல்ல. தாள்கள் மடங்கும் முதுகுப் பக்கம் தடிப்பாகவும், திறக்கும் பக்கம் ஒல்லியாகவும் இருக்கும். முதுகில் இரண்டு எஃகுப் பின்கள் வேறு. பிரஸ்ஸின் தட்டு மட்டமாக இறங்கும்போது முழு பாரமும் முதலில் முதுகில்தான் விழும். காகிதம் நசுங்கும், எஃகு நசுங்காது. நடுப்பக்கத்தில் மடங்கிக் கிடக்கும் பின்னின் கால்கள் அத்தனை தாள்களையும் தாண்டி அட்டையில் அச்சாக எழும். பின் குத்திய துளையைச் சுற்றி அட்டை கிழிவதும் உண்டு. இதைத் தவிர்க்க, தடிமன் குறைந்த பக்கத்தில் படிப்படியாகத் தாளும் அட்டையும் வைத்துப் புத்தகத்தை மட்டமாக்கிக்கொள்ள வேண்டும். இந்த வேலையின் உண்மையான கைத்திறன் அதில்தான் இருக்கிறது. பிரஸ்ஸின் சூட்டை அமைப்பது அதைப் பார்க்கிலும் எளிது.

ஆரஞ்சுத் தோல் வெளியிலிருந்து வந்தது அல்ல, உள்ளேயிருந்து வந்தது. நியூஸ்பிரிண்டைத் தடவினாலே அதன் முரட்டு நார்கள் கையில் தெரியும். அட்டைக் காகிதமோ வழவழப்பானது. சீனக்களிமண் போன்ற வெள்ளைப் பொடியைப் பசையோடு கலந்து மேலே பூசியிருப்பார்கள். அதிக சூட்டில் அந்தப் பூச்சின் பசை மிருதுவாகும்போது, உள்தாளின் முரட்டுத்தனம் அடியிலிருந்து முட்டி மேலே தெரிகிறது. அட்டைக்கும் முதல் பக்கத்துக்கும் நடுவில் ஒரு வழவழப்பான சிலிகோன் தாளைச் செருகியிருந்தால் இது நடந்திருக்காது. மேடுபள்ளங்கள் மைக்ரோமீட்டர் கணக்கில்தான் இருக்கும். ஆனால் ஒளியின் அலைநீளமே 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர்தான். பரப்பின் மேடுபள்ளம் அந்த அளவை நெருங்கினாலே ஒளி கண்ணாடியில் படுவதுபோல் ஒரே திசையில் திரும்பாமல் சிதறும். மூலையில் பளபளப்பு மங்கியதற்கும் இதே காரணம்தான்.

என்னை அதிகம் வருத்தும் குறை அட்டைச் சுருக்கம். 2010-களில் அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் சில 1960-களின் மார்வல் இதழ்களில் இதைக் கண்டு கொதித்துப்போனார்கள். பிரஸ்ஸிங் முடிந்து வந்த புத்தகத்தில் அட்டையைத் தாண்டி உள்தாள்கள் வலப்பக்கம் விசிறிபோல் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு செல்லுலோஸ் நார் நனைந்தால் நீளவாக்கில் ஏறத்தாழ 1 சதவீதம்தான் நீளும். குறுக்கே 15 முதல் 20 சதவீதம் வரை பருக்கும். எனவே ஒவ்வொரு காகிதமும் நார்களின் போக்கையும் பூச்சையும் பொறுத்து ஒவ்வொரு அளவில் விரியும். அது மட்டுமல்ல. காகித ஆலையில் ஈரத் தாளை இழுத்துப் பிடித்தபடியே காயவைக்கிறார்கள். அந்த இழுவிசை பல பத்தாண்டுகளாகத் தாளுக்குள் உறைந்து கிடக்கிறது. நிறைய ஈரம் ஏற்றினால் அது விடுபட்டுவிடும். மறுபடி காயும்போது தாள் பழைய அளவுக்கு வராமல் நிரந்தரமாகக் குறுகிப்போகும். அதிகம் ஈரம் வாங்கிய அட்டை குறுகி, உள்தாள் அப்படியே இருந்தால் விளிம்புகள் வெளியே தெரியத்தான் செய்யும். பாதுகாப்பில்லாத அந்த விளிம்புகள் அப்புறம் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இடித்து மடங்கும்.

மற்றவை எளிதில் புரிபவை. பின்னில் துரு இருந்தால் ஈரம் அதைக் காகிதத்துக்குள் இறக்கும். சதுர முதுகு கொண்ட இதழ்களில் சூட்டுக்கு இளகும் பசை உருகித் தாள்கள் கழன்று வரும். பிளாஸ்டிக் படலம் ஒட்டிய புதிய அட்டைகளில் உள்ளே மாட்டிய ஈரம் ஆவியாகிக் கொப்புளமாக எழும். பிரஸ்ஸுக்குள் சிக்கிய ஒரு மணல் துகளும் பள்ளம் போடப் போதும். வெறும் இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்ப்பது இவை எல்லாவற்றையும்விட மோசம். சூடு ஒரே சீராக இருக்காது, அழுத்தம் நகர்ந்துகொண்டே இருக்கும், ஆறும்போது பிடித்துவைக்க எதுவும் இருக்காது. நம் ஊரில் பழைய முத்து காமிக்ஸை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முயல வேண்டாம். அமிலம் ஏறிய பழைய நியூஸ்பிரிண்ட், அதிக சூட்டில் இன்னும் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும்.

பிரஸ்ஸிங்கால் வந்த குறையை மறுபடி பிரஸ்ஸிங் செய்தே சரிசெய்யலாமா? நார்களின் வடிவம் மட்டும் மாறியிருந்தால் ஓரளவு முடியும். சூட்டோடு எடுத்ததால் வந்த வளைவையும், லேசான ஆரஞ்சுத் தோலையும், ஆழமில்லாத பின் அச்சையும் பொறுமையான இரண்டாவது முயற்சியில் குறைக்கலாம். மேல்பூச்சு வெடித்து மைக்கு அடியிலிருந்த வெள்ளை நார் தெரிய ஆரம்பித்திருந்தால் எந்த பிரஸ்ஸும் உதவாது. உருகிக் கெட்ட பளபளப்பும், குறுகிய அட்டையும் திரும்ப வருவதில்லை.